மடிப்புக்கு மேலே இருந்த வரி

அத்தியாயம் பன்னிரண்டு

வியாழக்கிழமை காலை. ஏரிக்கரை கிளப்பின் வாசலில் கார் நின்று ஐந்து நிமிஷமாகியும் மூச்சம்மா இறங்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மூடியிருந்ததைத்தான் மறுபடி மூடினாள்.

அந்தப் பைக்குள் இருப்பது ஒரே ஒரு காகிதம். தொலைதூரத்தில் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்கு மாற்றல். அடியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை. திங்கட்கிழமைக்குள் ஒன்றில் டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். போனால் தனியாகத்தான் போவேன் என்று கணவரிடம் சொல்லியாகிவிட்டது. "இந்த நாலு நாள் ஏரிக்கரையில இருந்துட்டு முடிவு சொல்றேன்" என்றும் சொல்லியிருந்தாள்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். தண்ணி வந்துச்சா, சாவி எங்கே, பால் வாங்கியாச்சா என்ற அளவுக்கு அந்த வீட்டில் பேச்சு சுருங்கிப்போயிருந்தது.

மூச்சம்மா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருஷமாக அவள் குரல் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், இப்போ விடுங்க."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மூத்த மகள், பெரியவள். இருபது வயது, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.

"ஏழாம் நம்பர் காட்டேஜ் இப்போ பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் சார்" என்றாள் ரிசப்ஷன் பெண். "உங்களுக்குப் பின்பக்க பில்டிங்ல ரூம் போட்டிருக்கேன்."

மெக்கானிக் திரும்பி காரைப் பார்த்தார். மனைவி இன்னும் உள்ளேதான். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மெதுவாக மேஜை மேல் வைத்தார். போன வருஷம் கிளப் நடத்திய 'நினைவு வரிகள்' போட்டியில் அவருக்கு முதல் பரிசு. விரும்பிய காட்டேஜில் நாலு நாள் இலவசம் என்று அதில் போட்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நேராக ஏழாம் நம்பர் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், மற்றதை அந்த வாசல் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு.

ரிசப்ஷன் பெண் படித்தாள். "'இடம் இருந்தால்'னு கீழே இருக்கு சார்."

"எங்கே?"

அவள் நகத்தால் காட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. மகளின் கடையிலேயே வாங்கிய கண்ணாடியைப் போட்டும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"என்ன லெட்டர்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா."

கடிதத்தை மடித்தார். நான்காக மடித்து, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். அது அவர் தொழில் பழக்கம். லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிறவனுக்கு வயரிங் படத்தை விரித்துப் பார்க்க இடம் ஏது? எந்த மாடியில் கோளாறோ அந்த மாடி மட்டும் தெரிகிற மாதிரி மடித்து, நகத்தால் அழுத்தி, பல்லில் கவ்விக்கொள்வார். வேண்டாததெல்லாம் மடிப்புக்குள் போய்விடும். வீட்டில் பேப்பர், மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அந்த மடிப்பு இருக்கும்.

ஏழாம் நம்பருக்கு ஏன் இந்தப் பாடு என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்கலாம். பதினாலு வருஷத்துக்கு முன்னால், வருஷா வருஷம் வந்து தங்கலாம் என்று பணம் கட்டி உறுப்பினரான முதல் தடவை அவர்களுக்குக் கிடைத்தது அந்தக் காட்டேஜ்தான். மகன் சின்னவனுக்கு அப்போதுதான் எண்ணக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். வீடு திரும்பிய பிறகு அவன் "அஞ்சு, ஆறு, எட்டு" என்றுதான் எண்ணினான். "ஏழு எங்கடா?" என்று கேட்டால், "அது ஏரிக்கிட்ட இருக்கு. நாமதான் வந்துட்டோம்" என்பான்.

ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. பதினோரு வருஷமாகிறது. இன்றைக்கும் அந்த வீட்டில் தட்டு எடுத்து வைத்தாலும் படி ஏறினாலும் ஆறுக்குப் பிறகு எட்டுதான்.

*

பின்பக்கக் கட்டடத்தின் லிஃப்ட் ஏறும்போதே முனகியது.

"கிரீஸ் போட்டு ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார் மெக்கானிக், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு.

"லீவுக்கு வந்த இடத்திலயும் நாடி பிடிக்காதீங்கப்பா" என்றாள் பெரியவள்.

மூச்சம்மா அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். ஏரி இல்லை. ஜெனரேட்டர் இருந்தது. மேஜையில் இரண்டு காப்பித்தூள் பாக்கெட், ஒரு கப். டி.வி. ரிமோட்டைத் திருடிவிடப் போகிறார்கள் என்று நூல் கட்டி மேஜைக் காலோடு பிணைத்திருந்தார்கள்.

மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். காலி.

"புக் இல்லை" என்றாள்.

முன்பெல்லாம் காட்டேஜுக்கு ஒரு தடித்த நோட்டு இருக்கும். தங்கிப் போகிறவர்கள் கிளம்பும் காலையில் அதில் நாலு வரி எழுதிவிட்டுப் போவது அந்தக் கிளப்பின் வழக்கம். அடுத்த வருஷம் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் புரட்டுவார்கள்.

"ஏழுல இருக்கும்" என்றார் மெக்கானிக்.

"ஏழு நமக்கில்லையாமே."

அவர் குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்க்கப் போய்விட்டார்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர் மூச்சம்மாவின் அண்ணன். மருந்துக்கடைக்காரர். எட்டு வருஷத்துக்கு முன் அவரையும் கிளப்பில் சேர்த்துவிட்டது மெக்கானிக்தான்.

"வாங்க மச்சான். எப்போ வந்தீங்க?"

"காலையிலயே வந்து கண்குளிரப் பாத்துட்டேன் மாப்பிள்ளை. படகைத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கான். துண்டு கேட்டா ரெண்டு பேருக்கு ஒண்ணுங்கறான். ஒரு ஆளு சேத்தா ஒரு ராத்திரி இலவசம்னாங்க, என்னை வித்து நீங்க ஒரு ராத்திரி வாங்கினீங்க. நல்லாத் தூங்கினீங்களா அன்னைக்கு?"

"மாமா, அம்மா இருக்காங்க" என்றாள் பெரியவள்.

"இருக்கட்டுமே. பாப்பா சிரிக்கறாளான்னுதான் பாக்கறேன்." நாற்பத்தாறு வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். அவள் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது. "சரி, எழுந்திருங்க. பதினோரு மணிக்குக் கூட்டமாம். முழுசா உக்காந்து கேட்டாத்தான் காலை டிபனுக்குக் கூப்பனாம்."

"நாம உறுப்பினர்தானே?"

"அதனாலதான் இந்தத் தண்டனை. வெளியாளுன்னா காசைக் குடுத்துட்டு நிம்மதியாச் சாப்பிடலாம்."

*

கூட்ட அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகங்கள். வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் உறவுக்காரர்களாக இருந்தவர்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், இரட்டைப் பெண்களின் அம்மா, எப்போதும் பைனாகுலரோடு திரியும் பல்டாக்டர். எல்லாருக்கும் முடி நரைத்திருந்தது, கிளப்பின் சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் இருந்தது.

கோட்டுப் போட்ட விற்பனை மேலாளர் மைக்கைத் தட்டினார். பிளாட்டினத்துக்கு மாறினால் என்னென்ன கிடைக்கும் என்று சொன்னார். பக்கத்தில் இருந்த போஸ்ட்மாஸ்டர், "இதெல்லாம் நமக்கு முன்னாடி கிடைச்சதுதானேங்க" என்று முணுமுணுத்தார். "நம்ம வீட்டுச் சோத்தையே நமக்குப் புதுசாப் பரிமாறுறான்."

"நாங்க சொல்றதை விடுங்க" என்றார் மேலாளர். "உங்களைப் போல ஒரு உறுப்பினர் சொல்றதைப் பாருங்க."

பின்னால் இருந்த திரையை விலக்கினார்கள். ஆள் உயரப் போஸ்டர். நீல ஏரி. ஒரு கணவன், மனைவி, கணவனின் தோளில் யாரோ ஒரு பையன். ஐந்து வயதிருக்கும். மேலே பெரிய எழுத்தில்:

'தினமும் ஐம்பது பேரிடம் மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று சொல்கிறவள் நான். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. இன்று காலை இந்த ஏரி சொன்னது. விட்டேன்.'

கீழே: 'ஒரு மகிழ்ச்சியான உறுப்பினர். இன்றே சேருங்கள், இரண்டு இரவுகள் இலவசம்.'

மூச்சம்மா எழுந்து நின்றாள்.

எழுந்தது தெரியாமலே எழுந்திருந்தாள். அது அவள் வரி. சின்னவன் போய் இரண்டு வருஷம் வீட்டைவிட்டு எங்கும் போகாமல் இருந்து, பிறகு முதல் முறையாக இங்கே வந்து, ஏழாம் நம்பரின் படியில் உட்கார்ந்து எழுதியது. முதல் வரியை மட்டும் காணோம். அந்த முதல் வரி: 'ஏழை விட்டுவிட்டு எண்ணுகிற எங்கள் சின்னவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது.'

"அது நான் எழுதினது" என்றாள்.

மேலாளர் புன்னகைத்தார். "ரொம்ப சந்தோஷம் மேடம். எல்லாரும் கை தட்டுங்க."

இரண்டு பேர் தட்டவும் செய்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"என் பையன் செத்ததுக்கு எழுதினது அது. அவனை வெட்டிட்டு மீதியை மாட்டியிருக்கீங்க."

அரங்கு அடங்கிப்போனது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யாரைக் கேட்டு எடுத்தீங்க? ரூம்ல எழுதி வெச்சதைத் திருடி வியாபாரம் பண்றீங்களா? துண்டைக் குறைச்சீங்க, சோத்தைக் குறைச்சீங்க, பேசாம இருந்தோம். இது என்னங்க?"

"சார், முறைப்படி வந்த வரிதான். ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சொல்லலாம். இப்போதே எழுந்து, நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார். அதற்குள் இரட்டைப் பெண்களின் அம்மா வந்து மூச்சம்மாவைக் கட்டிக்கொண்டாள். போஸ்ட்மாஸ்டர் காகிதம் கேட்டார். பேச்சு அவர் தலைக்கு மேலே போய்விட்டது.

கூப்பன் வாங்காமலே எல்லாரும் வெளியேறினார்கள்.

*

உணவறையின் நீள மேஜையில் மனு தயாரானது. போஸ்ட்மாஸ்டர் எழுதினார், மருந்துக்கடைக்காரர் சொன்னார். 'உறுப்பினரின் அந்தரங்கமான எழுத்தை அவர் குடும்பத்துக்குத் தெரியாமல் எடுத்து' என்று முதல் வரி.

ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பல்டாக்டர் பைனாகுலரைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டார். எத்தனையோ வருஷ வருத்தம், ஒரு நியாயமான காரணம் கிடைத்ததும் எல்லாம் அந்தக் காகிதத்தில் இறங்கியது.

மூச்சம்மா ஓர் ஓரமாக டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவளே கணவரைப் பார்த்துப் பேசினாள்.

"என்னங்க, அவன் பேரைக்கூடப் போடலையே நான். சின்னவன்னுதானே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி என்ன பண்ணிச்சு அவங்களை?"

அந்தக் குரலில் பழைய நெருக்கம் இருந்தது. இருவருக்கும் பொதுவான ஒரு துக்கம், பொதுவான ஒரு எதிரி. அவர் அதற்கு ஒரு வருஷமாக ஏங்கியிருந்தார். அதை உடைக்க மனசு வரவில்லை.

"விடு" என்றார். "பாத்துக்கலாம்."

காகிதம் அவரிடம் வந்தது. "மாப்பிள்ளை, நீங்கதான் முதல்ல போட்டிருக்கணும்" என்றார் மச்சான்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் வரியைப் படித்தார். குடும்பத்துக்குத் தெரியாமல்.

கையெழுத்துப் போட்டார்.

*

பெரியவள் அந்த நேரத்தில் சலவை அறையில் இருந்தாள்.

சலவைக்கார அக்கா பதினாலு வருஷமாக அங்கேயே இருப்பவள். பெரியவளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு தடித்த நோட்டை இழுத்தாள்.

"எல்லா ரூம் புக்கையும் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னாங்க கண்ணு. போட்டுட்டேன். ஏழாம் நம்பரை மட்டும் போட மனசு வரல. உங்கம்மா எழுதின அன்னைக்கு நான்தானே ரூம் பெருக்கினேன்."

"தேங்க்ஸ்கா. இதுதான் எங்களுக்கு சாட்சி."

பெரியவள் ஓடிவந்து நோட்டை அம்மாவின் முன்னால் வைத்தாள். பக்கம் தேடவே வேண்டியிருக்கவில்லை. நோட்டு தானாக அந்த இடத்தில் திறந்துகொண்டது. அந்தப் பக்கத்தில் ஒரு மடிப்பு இருந்தது.

சின்னவனைப் பற்றிய முதல் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், கோடு போட்ட மாதிரி ஒரு மடிப்பு. மேல் பகுதியைப் பின்பக்கமாக மடித்து, மீதியை மட்டும் போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

"பாத்தியா பாப்பா, எவ்வளவு நிதானமா மடிச்சிருக்கான் பாரு" என்றார் அண்ணன்.

மூச்சம்மா விரலால் அந்த மடிப்பைத் தடவினாள். விளிம்பு பளபளவென்று இருந்தது. நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தால் காகிதம் அப்படித்தான் பளபளக்கும். இருபத்திமூன்று வருஷமாக அவள் வீட்டு மளிகைச் சீட்டெல்லாம் அப்படித்தான் பளபளக்கிறது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த மனுவைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் இருந்ததன் மேல் விரல் நின்றது.

"அண்ணா, இதை அனுப்ப வேண்டாம்" என்றாள்.

"என்னது?"

மனுவை மடிக்காமல் அப்படியே அண்ணன் பக்கம் தள்ளினாள். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பெரியவள் நோட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள். காலையில் மடித்து வைத்த கடிதத்தின் முனை அதில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

*

ஏழாம் நம்பருக்கும் ஏரிக்கும் நடுவே கல்படிகள். இப்போது நடுப்படியின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அடியில் குனிந்து அவள் போயிருந்தாள். ஆறாம் படிக்கு அடுத்ததில் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்து தண்ணீர் மஞ்சளாகியிருந்தது.

மெக்கானிக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"இந்தக் காட்டேஜை உனக்கு வாங்கிக் குடுக்கணும்னுதான்" என்றார். "வருஷா வருஷம் ஏழு இல்லைன்னு சொல்லும்போது உன் முகத்தைப் பாக்க முடியல. போட்டின்னாங்க. ஜெயிச்சா கேட்ட காட்டேஜ்னாங்க. என்கிட்ட வேற என்ன இருக்கு எழுதறதுக்கு? உன் வரிதான் இருந்தது. போன வருஷம் ஏழாம் நம்பரைப் பெருக்கத் திறந்து வெச்சிருந்தப்போ உள்ள போய்ப் போட்டோ எடுத்தேன்."

"அவனை ஏன் மடிச்சீங்க?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அவனை அவங்க கையில குடுக்க மனசு வரல. பரிசுக்கு அவனை அனுப்பற மாதிரி இருந்தது. அவன் நம்மகூடவே இருக்கட்டும்னு மடிச்சேன். சத்தியமா அவ்வளவுதான்."

அவள் தலையசைத்தாள். நம்பினாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவன் இல்லாம அந்த வரியே இல்லைங்க. அவனை எடுத்துட்டா மீதி இருக்கிறது விளம்பரம்தான். அவங்க ஒண்ணும் மாத்தலை. அப்படியேதான் மாட்டியிருக்காங்க." நோட்டை மூடினாள். "போஸ்டர்ல வேற ஒரு பையனைத் தோளில உக்கார வெச்சுட்டாங்க. காலியா இருந்தா யாராவது வந்து உக்காரத்தானே செய்வாங்க."

"தப்புதான்."

"மடிச்சதைக்கூட விடுங்க. அது அன்புன்னு வெச்சுக்கறேன். இன்னைக்கு நான் அந்த டீயை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட கேட்டேனே. என்னங்கன்னு கூப்பிட்டுக் கேட்டேன். அப்போ சொல்லியிருக்கலாம். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இப்படித்தான்" என்றாள் அவள், கோபம் இல்லாமல், நோயாளியிடம் பேசுகிற அதே குரலில். "எனக்கு வலிக்கும்னு ஒவ்வொண்ணா மடிச்சு உள்ள வெச்சுட்டீங்க. அவன் சட்டை, அவன் ஸ்கூல் பை, அவன் பேச்சு. கடைசியில வீட்டுல வெளிய தெரியற மாதிரி ஒண்ணுமே இல்லை. சாவி எங்கே, பால் வந்துச்சா."

தண்ணீரில் ஏதோ துள்ளி அடங்கியது.

"பேனா குடுங்க."

நோட்டில் எழுதப் போகிறாள் என்று அவர் நினைத்தார். கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, அவசரமாகப் பேனாவை நீட்டினார். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். ஏழாம் நம்பர் நோட்டை அடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, டிக் அடித்தாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு விநாடிதான் ஆனது.

பிறகு காகிதத்தை நான்காக மடித்தாள். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து இரண்டு முறை அழுத்தித் தேய்த்து, அவரிடம் நீட்டினாள்.

"திங்கட்கிழமை காலையில ஆஸ்பத்திரி ஆபீஸ்ல நீங்களே குடுங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். பிரிக்கக்கூடாது."

"என்ன போட்டிருக்கே?"

"தெரியாம நாலு நாள் இருந்து பாருங்க."

அவள் படியேறிக் குனிந்து கயிற்றைக் கடந்து போனாள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியிருந்தது. உணவறையிலிருந்து மச்சான் குரல் கேட்டது. பின்பக்கக் கட்டடத்தின் ஜன்னலில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

மெக்கானிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். பரிசுக் கடிதத்தின் பக்கத்தில். வெளுத்துப்போன மெல்லிய சட்டை. குனிந்தபோது மடிப்பின் ஒரு மூலையில், காகிதத்தின் மறுபுறம் ஊறி வந்த ஒரு மைப்புள்ளி துணி வழியே தெரிந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. மேல் கட்டமாக இருக்குமா, கீழ்க் கட்டமாக இருக்குமா என்று கண் தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது.

அவர் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார். மூடியபடியே, ஆளில்லாத படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை இன்னும் முடியவில்லை.